குளிர்கால இடைவேளை: இங்கிலாந்து கால்பந்து டிசம்பரில் ஏன் நிற்பதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் கடையைச் சாத்திவிட்டு வீரர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். இங்கிலாந்தில் அப்போதுதான் அடுப்பில் இன்னும் நாலு விறகைச் செருகுவார்கள். இது சரியா தப்பா என்ற வாக்குவாதம் ஒவ்வொரு டிசம்பரிலும் புதிதாகக் கிளம்பி, பிப்ரவரியில் எல்லோருக்கும் மறந்து போகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இடைவேளை வேண்டும், ஆனால் கிறிஸ்துமஸில் வேண்டாம்.

பிரச்சினை என்ன, சுருக்கமாக?

இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கில் 20 அணிகள், ஆளுக்கு 38 ஆட்டங்கள். ஆகஸ்ட் நடுவில் ஆரம்பித்து மே கடைசியில் முடிய வேண்டும். இது போக எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்து சங்கம்) நடத்தும் எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை, பெரிய கிளப் என்றால் ஐரோப்பியப் போட்டிகள், நல்ல ஆட்டக்காரர் என்றால் தேசிய அணியும் உண்டு. இத்தனையும் ஓடிக்கொண்டிருக்கும்போது, கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி முதல் வாரத்துக்குள் லீக் ஆட்டங்களை வரிசையாக அடுக்கி, மூச்சு விடுவதற்குள் எஃப்.ஏ. கோப்பையில் பெரிய கிளப்புகள் நுழையும் மூன்றாம் சுற்றையும் வைத்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு இரண்டு வாரம் பந்தைத் தொடாமல் இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் இடைவேளை இருந்ததே இல்லையா?

இருந்தது. பலருக்கு நினைவில்லை, அவ்வளவு சத்தமில்லாமல் வந்து போனது.

2018 ஜூனில் அறிவித்தார்கள், 2020 பிப்ரவரியில் முதல்முறையாக நடந்தது. நடந்த விதம்தான் வேடிக்கை. லீக் மொத்தமாக நிற்கவில்லை. ஒரு சுற்றின் பத்து ஆட்டங்களை இரண்டாகப் பிரித்து, நாலை ஒரு வார இறுதியிலும் ஆறை அடுத்த வார இறுதியிலும் வைத்தார்கள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு வார இறுதி ஓய்வு, டிவிக்கு எந்த வார இறுதியும் காலி இல்லை. ஆட்டக்காரனுக்கு லீவு, கடைக்கு லீவு இல்லை என்ற ஏற்பாடு.

முதல் வருஷமே இரண்டு இடத்தில் அடி வாங்கியது. ஜனவரி 26 அன்று எஃப்.ஏ. கோப்பையில் லிவர்பூல் அணி, மூன்றாம் நிலை லீக்கில் இருந்த ஷ்ரூஸ்பரி டவுனிடம் 2-0 என்று முன்னிலையில் இருந்து 2-2 என டிரா செய்தது. அப்போதைய விதிப்படி டிரா ஆனால் இன்னொரு முறை ஆட வேண்டும். அந்த மறு ஆட்டம் பிப்ரவரி 4 அன்று, சரியாக லிவர்பூலின் ஓய்வு நாட்களுக்குள் வந்து விழுந்தது. மேனேஜர் யூர்கன் கிளாப், 'என் முதல் அணி வராது, நானும் வர மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். 23 வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியாளர் நீல் கிரிட்ச்லி, சராசரி வயது இருபதைத் தொடாத பையன்களைக் களத்தில் இறக்கினார். ஷ்ரூஸ்பரி ஆட்டக்காரர் ஒருவர் தன் கோலுக்குள்ளேயே பந்தை அனுப்ப, பையன்கள் 1-0 என்று ஜெயித்தார்கள். கிளாப் கோப்பையை அவமதித்தார் என்று ஒரு பக்கம் திட்டினார்கள். ஓய்வு என்று சொல்லிவிட்டு ஆட்டத்தை வைத்தது யார் என்று இன்னொரு பக்கம் கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை.

அடுத்த அடி சியாரா புயல். பிப்ரவரி 9 அன்று நடக்கவேண்டிய மான்செஸ்டர் சிட்டி – வெஸ்ட் ஹாம் ஆட்டம் ரத்தாகி 19-ம் தேதிக்குப் போனது. குளிரிலிருந்து தப்பிக்க வைத்த இடைவேளையைக் காற்று வந்து தட்டிவிட்டது.

அப்புறம் ஏன் கைவிட்டார்கள்?

2020-21 சீசன் கொரோனாவால் செப்டம்பரில்தான் தொடங்கியது, இடைவேளைக்கு இடமே இல்லை. 2021-22-ல் திரும்ப வந்தது. 2022-23-ல் கத்தார் உலகக் கோப்பைக்காக நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் 26 வரை லீக்கே நின்றதால் தனி இடைவேளை இல்லை. 2023-24 ஜனவரியில் மறுபடியும் அதே பாதிப் பாதி ஏற்பாடு. 2024-25 முதல் இல்லை.

எஃப்.ஏ.வும் பிரீமியர் லீக்கும் 2024-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இடைவேளை போனது. பதிலுக்கு சீசனைக் கொஞ்சம் தள்ளித் தொடங்கி கோடை ஓய்வைக் கூட்டினார்கள். பண்டிகைக் காலத்தில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் 60 மணி நேரமாவது இடைவெளி இருக்கும் என்றார்கள். எஃப்.ஏ. கோப்பையின் முதல் சுற்றிலிருந்து மறு ஆட்டங்களையும் தூக்கிவிட்டார்கள். 60 மணி நேரம் என்றால் இரண்டரை நாள். அதைச் சலுகை என்று அறிவிக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே பழைய நிலைமை புரியும்.

மற்ற நாடுகளால் மட்டும் எப்படி முடிகிறது?

அவர்களிடம் தேதி இருக்கிறது. ஜெர்மனியின் பண்டஸ்லிகாவில் 18 அணிகள், 34 ஆட்டங்கள். உள்நாட்டுக் கோப்பை ஒன்றுதான். பிரான்ஸ் 2020-ல் லீக் கோப்பையை ஒழித்தது, 2023-24-ல் முதல் டிவிஷனையும் 18 அணியாகக் குறைத்தது. ஸ்பெயினில் 20 அணிகள்தான், ஆனால் கோப்பை ஒன்றுதான். இங்கிலாந்து மட்டும் 20 அணி லீக்கையும் இரண்டு கோப்பைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுகிறது.

இத்தாலி கதை தனி. அங்கே கிறிஸ்துமஸுக்கு நிறுத்துவது வழக்கம். இங்கிலாந்தின் பண்டிகைக் கூட்டத்தையும் டிவி வருமானத்தையும் பார்த்து நாக்கு ஊறி, 2018 டிசம்பர் 26 அன்று ஒரு முழுச் சுற்று ஆடிப் பார்த்தார்கள். அதாவது இங்கிலாந்து இத்தாலியைப் பார்த்து ஓய்வெடுக்கலாமா என்று யோசித்த அதே வருஷம், இத்தாலி இங்கிலாந்தைப் பார்த்து ஆடலாமா என்று யோசித்தது.

இங்கிலாந்துக்குள்ளேயே முன்னுதாரணம் உண்டு. பெண்களின் சூப்பர் லீக் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை நிற்கிறது. 2025-26-ல் 12 அணி, 22 ஆட்டம், அதனால் முடிந்தது.

குளிரும் பனியும்தானே இடைவேளைக்குக் காரணம்?

பெயரைப் பார்த்து அப்படித் தோன்றும். ஒரு காலத்தில் அது நியாயமான காரணமும்தான். 1962-63 குளிர்காலத்தில் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்றை முடிக்கவே 66 நாள் ஆனது, 261 முறை ஆட்டங்கள் தள்ளிப்போயின. ஹாலிஃபாக்ஸ் டவுன் கிளப் தன் மைதானம் உறைந்து கிடப்பதைப் பார்த்து, சரி, இருக்கிறதை வைத்துப் பிழைப்போம் என்று ஊர்மக்களுக்குப் பனிச்சறுக்குத் தளமாகத் திறந்துவிட்டது. கால்பந்து முடிவுகளைக் கணித்துப் பணம் கட்டும் 'பூல்ஸ்' சூதாட்டத்துக்கு முடிவுகளே கிடைக்காமல் போனதால், நடக்காத ஆட்டங்களில் யார் ஜெயித்திருப்பார்கள் என்று தீர்மானிக்க ஒரு குழுவையே 1963 ஜனவரியில் உட்கார வைத்தார்கள். ஆடாத ஆட்டத்துக்குத் தீர்ப்பு!

இன்று பிரீமியர் லீக் மைதானங்களில் புல்லுக்கு அடியில் சூடேற்றும் வசதி கட்டாயம். எவர்ட்டன் கிளப்பின் குடிசன் பார்க்கில் 1958-லேயே மின்கம்பி பதித்துப் பார்த்தார்கள். அதனால் பெரிய கிளப்புகளுக்கு வானிலை ஒரு சாக்குதான். உறைந்த தரையால் ஆட்டம் ரத்தாவது இப்போது பெரும்பாலும் கீழ் டிவிஷன்களின் தலைவலி. ஆனால் இடைவேளை பற்றிய பேச்சில் அவர்கள் பெயர் வருவதே இல்லை.

பாக்சிங் டே ஆட்டத்தை விட்டுக்கொடுக்க ஏன் இவ்வளவு தயக்கம்?

பாக்சிங் டே என்பது டிசம்பர் 26. குத்துச்சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேலைக்காரர்களுக்குப் பரிசுப் பெட்டி கொடுக்கும் பழைய வழக்கத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். கால்பந்துக்கும் அந்த நாளுக்கும் உள்ள உறவு லீக்கையே விடப் பழையது. ஷெஃபீல்ட் கிளப்பும் ஹாலம் கிளப்பும் சாண்டிகேட் மைதானத்தில் மோதியது 1860 டிசம்பர் 26. இரண்டு கிளப்புகளுக்கு இடையே நடந்த முதல் ஆட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

முன்பு கிறிஸ்துமஸ் அன்றைக்கே ஆடினார்கள். 1957-ல்தான் கடைசி முழு கிறிஸ்துமஸ் சுற்று. கடைசி ஒற்றை ஆட்டம் 1965-ல், பிளாக்பூல் 4-2 என்று பிளாக்பர்னை வென்றது.

பழைய ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நாள் 1963 டிசம்பர் 26. அன்றைய உச்ச லீக்கான முதல் டிவிஷனில் பத்து ஆட்டங்கள், 66 கோல்கள். ஃபுல்ஹாம் 10, இப்ஸ்விச் 1. பிளாக்பர்ன் வெஸ்ட் ஹாமின் சொந்த மைதானத்தில் 8-2. பர்ன்லி 6, மான்செஸ்டர் யுனைடெட் 1. இதைவிட எனக்குப் பிடித்தது இரண்டு நாள் கழித்து நடந்ததுதான். அதே அணிகள் மைதானம் மாற்றி மறுபடி மோதின. பத்து கோல் வாங்கிய இப்ஸ்விச் ஃபுல்ஹாமை 4-2 என்று அனுப்பி வைத்தது. வெஸ்ட் ஹாம் 3-1 என்று பழி தீர்த்தது. யுனைடெட் பர்ன்லிக்கு 5-1 என்று திருப்பிக் கொடுத்தது. இதை ரசிகர்கள் பொற்காலம் என்கிறார்கள். உடற்பயிற்சி நிபுணர் ஒருவரிடம் காட்டினால், களைத்த கால்கள் என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி என்பார். இரண்டும் உண்மைதான்.

தீபாவளி ரிலீஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பமே வீட்டில் இருக்கிறது, தின்று சலித்தாயிற்று, ரயில்கூட அன்று பெரும்பாலும் ஓடாது. தாத்தாவும் அப்பாவும் பேரனும் ஒன்றாகக் கிளம்பிப் போக இருக்கும் ஒரே இடம் உள்ளூர் மைதானம். அந்தப் பேரனுக்கு அது முதல் மேட்ச்சாக இருக்கும். இங்கே நமக்கும் அது வசதி: லண்டனில் மூன்று மணி ஆட்டம் குளிர்காலத்தில் நம் எட்டரை மணிக்கு வரும், சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம்.

அதனால்தான் 2025 டிசம்பர் 26 அன்று பிரீமியர் லீக் ஒரே ஒரு ஆட்டத்தை (மான்செஸ்டர் யுனைடெட் – நியூகாசில்) மட்டும் வைத்தபோது அவ்வளவு கோபம். விரிந்துபோன ஐரோப்பியப் போட்டிகளால் லீக்குக்கு 33 வார இறுதிகள்தான் மிஞ்சின என்றார்கள். ஓய்வு கொடுப்பதற்காக அந்த மரபு போயிருந்தால்கூட மனசு ஆறும். போனது ஓய்வுக்காக இல்லை.

இடைவேளை காயங்களைக் குறைக்குமா?

குறைக்கும் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. ஸ்வீடன் மருத்துவர் யான் எக்ஸ்ட்ரான்டின் குழு, 2010-11 முதல் 2016-17 வரை ஏழு சீசன்களில், 15 நாடுகளின் 56 அணிகளைத் தொடர்ந்து கவனித்தது. குளிர்கால இடைவேளை இல்லாத அணிகள், இருக்கும் அணிகளைவிட ஒரு சீசனுக்குச் சராசரியாக 303 ஆட்டக்காரர்-நாட்களைக் காயத்தால் கூடுதலாக இழந்தன. 25 பேர் கொண்ட அணி என்றால் தலைக்குப் பன்னிரண்டு நாள். ஆனால் காயம் அப்படிப் பங்கு போட்டுக்கொண்டு வராது. இரண்டு பேருக்கு ஐந்து மாதம் என்று வரும், அந்த இரண்டு பேர் பெரும்பாலும் அதிகம் ஆடும் நல்ல ஆட்டக்காரர்களாகவே இருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. இடைவேளை இல்லாத அணிகள் என்றால் முக்கியமாக இங்கிலாந்து அணிகள். அங்கே ஆட்டமே வேகம், மோதலும் அதிகம். 303 நாளையும் இடைவேளைக் கணக்கிலேயே எழுத முடியாது. பாதியை எழுதினாலும் போதாதா என்பது என் கேள்வி.

கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஓய்வு எதற்கு?

தொடைத் தசைக்குச் சம்பளம் எவ்வளவு என்று தெரியாது. அவ்வளவுதான் பதில்.

இங்கிலாந்து அணி உலகக் கோப்பையில் தோற்பதற்கு இதுதானே காரணம்?

இந்த வாதத்தை ஸ்வென்-யோரான் எரிக்சன் இங்கிலாந்து அணியின் மேனேஜராக இருந்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு நம்பிக்கை இல்லை. 1966-ல் கோப்பையை வென்றபோது முதல் டிவிஷனில் 42 ஆட்டங்கள், இடைவேளை கிடையாது. 2018-ல் அரையிறுதி, 2021-ல் யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) இறுதி: இரண்டும் இடைவேளை இல்லாத சீசன்கள். 2024 யூரோ இறுதி: இடைவேளை இருந்த சீசன். எதையும் நிரூபிக்காது. கிறிஸ்துமஸுக்கு ஒழுங்காக ஓய்வெடுத்து வந்த இத்தாலி, 2018, 2022 இரண்டு உலகக் கோப்பைகளுக்கும் தகுதியே பெறவில்லை. அதுவுமில்லாமல் பிரீமியர் லீக்கில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக்காரர்கள். இங்கிலாந்துக்காரன் களைத்திருந்தால் அவனோடு ஆடும் பிரான்ஸ்காரனும் களைத்துத்தான் இருப்பான்.

இடைவேளை கொடுத்தால் கிளப்புகள் உண்மையில் ஓய்வெடுக்குமா?

எனக்கு மிகவும் சந்தேகமான இடம் இதுதான். ஆட்ட நெருக்கடி பற்றி அதிகம் புலம்பும் கிளப்புகள் கையில் நாலு நாள் கிடைத்தால் என்ன செய்கின்றன என்று பாருங்கள். 2019 மே மாதம் யூரோப்பா லீக் இறுதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது செல்சி அணி அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் நட்பு ஆட்டம் ஆடப் போனது. அங்கே அதன் ஆட்டக்காரர் ரூபன் லாஃப்டஸ்-சீக்கின் குதிகால் தசைநாண் கிழிந்தது. 2024 மே 19 அன்று சீசன் முடிந்தது. 22-ம் தேதி டாட்டன்ஹாமும் நியூகாசிலும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆடிக்கொண்டிருந்தன. மூன்றே நாள்!

அதனால் 'இடைவேளை' என்று நாட்காட்டியில் எழுதினால் மட்டும் போதாது. அந்த நாட்களில் எந்த வகை ஆட்டமும் கூடாது என்று விதி போட்டு, மீறினால் புள்ளி பிடிக்க வேண்டும். அபராதம் போட்டால் கட்டிவிட்டுப் போவார்கள்.

சின்ன கிளப்புகளுக்கு இதனால் என்ன?

நஷ்டம், பெரும்பாலும். பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ மூன்றிலும் 24 அணிகள், 46 ஆட்டங்கள். டிவி பணம் சொற்பம், வாசலில் விற்கும் டிக்கெட்தான் அரிசி பருப்பு. பண்டிகை வார வசூல் அவர்களுக்கு உயிர்நாடி.

மறு ஆட்டங்களை ஒழித்ததில் ஏற்கெனவே அவர்கள் விலை கொடுத்தாயிற்று. 2005 ஜனவரியில் எக்ஸெட்டர் சிட்டி ஐந்தாம் நிலையில், கடனில் மூழ்கி, ரசிகர்களே எடுத்து நடத்தும் கிளப்பாக இருந்தது. எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் சொந்த மைதானமான ஓல்டு டிராஃபோர்டிலேயே 0-0 என்று நிறுத்தியது. சொந்த ஊரில் நடந்த மறு ஆட்டத்தில் 2-0 என்று தோற்றது, ஆனால் இரண்டு ஆட்டத்து வசூலும் கடனிலிருந்து கிளப்பைக் கரையேற்றியது. இன்று அதே டிரா நடந்தால் கூடுதல் நேரம், பெனால்டி, வீடு. பெரிய கிளப்புகளின் கால் வலிக்குச் சின்ன கிளப்பின் கல்லாப்பெட்டியிலிருந்து மருந்து வாங்கினார்கள். இதை நான் ஒரு காலத்திலும் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

லீக் கோப்பையை ஒழித்துவிட்டால் தேதி கிடைக்குமே?

கிடைக்கும். 2020-ல் பெரிய கிளப்புகள் முன்வைத்த 'பிராஜெக்ட் பிக் பிக்சர்' என்ற சீர்திருத்தத் திட்டத்தில் அதையும், பிரீமியர் லீக்கை 18 அணியாக்குவதையும் சேர்த்தே எழுதினார்கள். எடுபடவில்லை. 2019 டிசம்பரில் லிவர்பூல் ஒருநாள் ஆஸ்டன் வில்லாவுடன் லீக் கோப்பை காலிறுதியில் பையன்களை விட்டு 5-0 என்று தோற்று, மறுநாள் கத்தாரில் கிளப் உலகக் கோப்பை ஆடியது. அதைப் பார்த்தபோது எனக்கும் ஒழித்தால் என்ன என்றுதான் தோன்றியது. அப்புறம் 2025 மார்ச்சில் நியூகாசில் அதே கோப்பையை வென்றது. 1955-க்குப் பிறகு அவர்கள் ஜெயித்த முதல் உள்நாட்டுக் கோப்பை. எழுபது வருஷம் காத்திருந்த ஊரிடம் போய், 'இது தேவையில்லாத கோப்பை' என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சரி, எப்போது நிறுத்தலாம் என்கிறீர்கள்?

எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்று முடிந்த மறுநாளிலிருந்து. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, கோப்பையின் பெரிய வார இறுதி எல்லாம் அப்படியே இருக்கட்டும். 2024-25 நாட்காட்டியை எடுத்துக்கொண்டால், மூன்றாம் சுற்று ஜனவரி 12-ஐ ஒட்டி முடிகிறது. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் 21-ம் தேதி. நடுவில் எட்டு நாள், அதற்குள் இரண்டு லீக் சுற்றுகளைத் திணித்திருந்தார்கள். அவற்றை நகர்த்த வேண்டும். ஒன்றுக்கு இடம் இருக்கிறது: லீக் கோப்பை அரையிறுதியை இரண்டு ஆட்டமாக நடத்தாமல் ஒன்றாக்கினால் ஒரு வாரநடு நாள் கிடைக்கும். இன்னொன்றுக்கு ஆகஸ்டில் ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். மொத்த லீக்கும் ஒன்றாக நிற்க வேண்டும், பாதிப் பாதி வேலை வேண்டாம்.

எட்டு நாள் குறைவுதான். முன்பு சாம்பியன்ஸ் லீக்கின் முதல் கட்டம் ஆறு ஆட்டங்களோடு டிசம்பரில் முடிந்துவிடும், ஜனவரி காலியாக இருந்தது. 2024 முதல் 36 அணிகள், எட்டு ஆட்டங்கள், அதில் கடைசி இரண்டு ஜனவரியில். இங்கிலாந்து தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யுஇஎஃப்ஏ துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டது.

நடக்குமா?

பிரீமியர் லீக்கில் எதை மாற்றவும் 20-ல் 14 ஓட்டு வேண்டும். ஐரோப்பியப் போட்டியில் ஆடாத கிளப்புகள் ஒவ்வொரு சீசனிலும் பாதிக்கு மேல் இருக்கும். அவர்களுக்குப் பெரும்பாலான புதன்கிழமைகள் ஏற்கெனவே ஓய்வுதான். செவ்வாய் இரவு மாட்ரிட்டில் ஆடிக் களைத்துச் சனிக்கிழமை தங்கள் மைதானத்துக்கு வரும் அணியைப் பார்த்து, பாவம், இவர்களுக்கு ஓய்வு கொடுப்போம் என்று அவர்கள் கை தூக்க வேண்டும்.